காதுக்குள் வைக்காத கருவி காதைக் கெடுக்காதா? இயர்பட், எலும்புக் கடத்தல் ஹெட்போன் குறித்து

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோவில் தினமும் போய்வருகிறீர்கள். அலுவலகத்தில் நான்கைந்து மணி நேரம் அழைப்புகளிலேயே கழிகிறது. மாலையில் ஏரியைச் சுற்றி நடக்கிறீர்கள். இயர்பட் வைத்தால் காது அரிக்கிறது. எலும்பு வழியாகக் கேட்கும் ஹெட்போன் காதுக்குள்ளேயே போவதில்லை, அதனால் காது கெடவே கெடாது என்று கடைக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், தொடர்பில்லாத செய்தியைச் சொல்வதுபோல இன்னும் இரண்டு வரிகள் சேர்த்திருக்கிறீர்கள். சிறுவயதில் இடது காதில் சீழ் வடிந்தது என்பது ஒன்று. இயர்படில் இடது பக்கம் எப்போதும் குறைவாகவே கேட்கும், ஆனால் நண்பரின் எலும்புக் கடத்தல் ஹெட்போனைப் போட்டுப் பார்த்தபோது இடது பக்கம்தான் அதிகமாகக் கேட்டது, அது பழுதான ஹெட்போனோ என்ற சந்தேகம் மற்றொன்று.

ஆக, நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி. எழுதியிருப்பது இரண்டு கேள்விகள். காதுக்குள் வைக்காத கருவி காதைக் கெடுக்காது என்பது உண்மையா என்பது முதலாவது. என் இடது காதுக்கு என்ன என்பது இரண்டாவது. இரண்டாவதை நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. நான் மைசூரில் செவித்திறன் இயல் படித்துவிட்டுப் பல ஆண்டுகளாகப் பெங்களூரில் காதுப் பரிசோதனை செய்துவருகிறேன். உங்கள் காதை நான் பார்க்கவில்லை. எழுத்தை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் கூடாது. அந்த எல்லைக்குள் நின்று உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு விடை காதின் அமைப்பிலேயே இருக்கிறது. காற்றில் வரும் ஒலி காதுக்குழாய் வழியாகப் போய்ச் செவிப்பறையை அசைக்கிறது. செவிப்பறைக்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று சிறு எலும்புகள் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. அவை அந்த அசைவை உள்காதில் உள்ள காக்ளியாவுக்குக் கொண்டுபோகின்றன. காக்ளியா என்பது பட்டாணி அளவே உள்ள, நத்தைக் கூடு போலச் சுருண்ட உறுப்பு. அதற்குள் திரவம் நிறைந்திருக்கிறது. ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. அசைவை நரம்புச் செய்தியாக மாற்றுபவை அந்தச் செல்கள்தான். மனிதனுக்கு அவை ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

எலும்புக் கடத்தல் என்றால் என்ன என்று அறிய வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டு ஒரு முறுக்கைக் கடியுங்கள். கல் உடைவதுபோலத் தலைக்குள் முழங்கும். அந்த ஒலி வெளியிலிருந்து காற்று வழியாக வரவில்லை. தாடையிலிருந்து மண்டையோட்டு எலும்பு வழியாகக் காக்ளியாவுக்குப் போகிறது. பதிவு செய்த நம் குரல் நமக்கே அந்நியமாகத் தோன்றுவதும் இதனால்தான். பேசும்போது நம் குரலை நாம் காற்று வழியாகவும் எலும்பு வழியாகவும் சேர்த்துக் கேட்கிறோம். பதிவில் எலும்பு வழிப் பங்கு இருப்பதில்லை. கன்னத்தில், காதுக்குச் சற்று முன்னால் ஒட்டிக்கொள்ளும் அந்த ஹெட்போன் இதே வழியைப் பயன்படுத்துகிறது. செவிப்பறையையும் மூன்று சிறு எலும்புகளையும் பெரும்பாலும் தவிர்த்துவிட்டு, அதிர்வை நேராக உள்ளே அனுப்புகிறது.

வழி மாறினாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றேதான். ஹங்கேரியில் பிறந்த கேயார்க் ஃபான் பேக்கேசி என்ற அறிவியலாளர் 1932-இல் இதை அழகாக நிறுவினார். ஒரே சுருதியை எலும்பு வழியாகவும் காற்று வழியாகவும் ஒரே நேரத்தில் கொடுத்து, ஒன்றின் அளவையும் அலையின் நேரத்தையும் மெல்லச் சரிசெய்துகொண்டே போனார். ஒரு கட்டத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, எதுவுமே கேட்காமல் போயிற்று. காக்ளியாவுக்குள் இரண்டும் ஒரே விதமான அலையை எழுப்பினால்தான் அப்படி நடக்க முடியும். காக்ளியாவைப் பற்றிய ஆய்வுகளுக்காக அவருக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. கடைக்காரர் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை. உரத்த ஒலியால் கெடுவது காக்ளியா. அதற்குள் எந்த வாசல் வழியாக ஒலி போனாலும், அளவு மிஞ்சினால் சேதம் சேதம்தான். எலும்புக் கடத்தல் ஹெட்போனை உரக்க வைத்தாலும் காது கெடும். இதில் எனக்கு ஐயமில்லை.

சேதத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: எவ்வளவு உரக்க, எவ்வளவு நேரம். உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட தரநிலை, பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று எல்லை வகுத்திருக்கிறது. குழந்தைகளுக்கு அது 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, அதனால் நேரம் பாதியாக வேண்டும். 83 என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10, 89 என்றால் 5, 92 என்றால் இரண்டரை. உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மெட்ரோவும் நடந்துபோகும் தூரமும் சேர்த்துத் தினமும் ஒன்றரை மணி நேரம் என்றால் ஐந்து நாளில் ஏழரை மணி நேரம் ஆகிறது. பயணத்தில் மட்டும் 89 டெசிபலில் கேட்டால், அலுவலக அழைப்புகளைச் சேர்க்காமலே வாரக் கணக்கு தாண்டிவிடுகிறது. அலுவலகத்தின் அமைதியான அறையில் 70 டெசிபலில் ஐந்து மணி நேரம் பேசுவதைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்பட மாட்டேன். என் கவலையெல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றித்தான்.

ஏனென்றால் சுற்றியுள்ள இரைச்சல்தான் நம் விரலை ஒலி பொத்தானுக்குக் கொண்டுபோகிறது. ரயில் பெட்டிக்குள் சக்கர ஓசையும் குளிர்சாதன ஓசையும் அறிவிப்புகளும் கலந்து ஒலிக்கும்போது, பேச்சு அதற்கு மேலே எழுந்து நின்றால்தான் நமக்குப் புரிகிறது. காது திறந்திருந்தால் இரைச்சல் முழுவதும் உள்ளே வருகிறது. எலும்புக் கடத்தல் ஹெட்போனின் பெரிய நன்மை காதைத் திறந்து விடுவது; இரைச்சலான இடத்தில் அதன் பெரிய குறையும் அதுவே. வீட்டில் பாதி அளவில் தெளிவாகக் கேட்ட கருவி மெட்ரோவில் முணுமுணுக்கும். அளவைக் கூட்டுவீர்கள். கன்னத்தில் குறுகுறுவென்று அதிர்வு ஏறும், குரல் கரகரக்கும், அப்போதும் பாதி வார்த்தைகள் புரியாது. காதுக்குப் பாதுகாப்பு என்று நம்பி வாங்கியவர் ரயிலில் அதை உச்ச அளவில் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த இடத்தில், நன்றாகப் பொருந்தி அடைத்துக்கொள்ளும் இயர்படை மெதுவாகக் கேட்பவர் அவரைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார்.

இரைச்சல் நீக்கும் வசதியைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். வெளி ஒலியைச் சிறு மைக் கொண்டு கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை உருவாக்கி அழிப்பதே அதன் வேலை. பஸ் எஞ்சின், விமானம், குளிர்சாதனம் போன்ற தாழ்ந்த, தொடர்ச்சியான ஓசையை அது நன்றாகக் குறைக்கும். ஹாரன், பக்கத்து இருக்கைப் பேச்சு, குழந்தை அழுகை ஆகியவற்றில் அவ்வளவு கைகொடுக்காது. காதில் சரியாகப் பொருந்தாத முனையுடன் போட்டால் எதிலுமே கைகொடுக்காது. பெட்டியில் மூன்று அளவு ரப்பர் முனைகள் வருகின்றன. பெரும்பாலானோர் முதலில் மாட்டியிருந்ததையே கடைசிவரை வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு காதுக்கும் வேறுவேறு அளவு தேவைப்படுவதும் உண்டு.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முறை இது. இரவில் அமைதியான அறையில், வசதியாகக் கேட்கும் அளவு எது என்று பார்த்து நினைவில் வையுங்கள். வெளியே போனபின் அதிலிருந்து ஓரிரு படிக்குமேல் ஏற்ற வேண்டியிருந்தால், அந்த இடத்துக்கு அந்தக் கருவி பொருந்தவில்லை என்று பொருள். சில கைபேசிகள் ஹெட்போன் ஒலியை டெசிபலில் காட்டுகின்றன. இயர்படுக்கு அதை ஒரு தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். எலும்புக் கடத்தல் ஹெட்போனுக்கு அந்த எண்ணை நம்பவே வேண்டாம். கைபேசி காட்டும் டெசிபல் கணக்கு காற்றில் உள்ள ஒலியழுத்தத்துக்கானது. எலும்பில் ஏறும் அதிர்வை நாங்கள் பரிசோதனைக் கூடத்தில் வேறு அளவுகோலில், செயற்கைக் கபால எலும்பு போன்ற தனிக் கருவியில் வைத்து அளக்கிறோம். கன்னத்தில் அது எவ்வளவு அழுத்தமாக உட்காருகிறது என்பதைப் பொறுத்துக்கூட உள்ளே போகும் அளவு மாறும். கைபேசிக்கு இது எதுவும் தெரியாது. கேட்டு முடித்தபின் காதில் ரீங்காரம் இருந்தாலோ, பஞ்சு அடைத்தது போல மந்தமாக இருந்தாலோ, அன்றைக்கு அளவு மிஞ்சிவிட்டது என்று காதே சொல்கிறது. எந்த மீட்டரையும்விட அந்த அறிகுறிக்கு மதிப்புக் கொடுங்கள்.

அரிப்புக்கு வருகிறேன். காதுக்குழாய் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் உறுப்பு. அதன் தோல் உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. குறும்பியும் அதோடு வெளியே வந்துவிடும். நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் ரப்பர் முனையால் அடைத்து வைத்தால் அந்த வழி தடைபடுகிறது, உள்ளே ஈரமும் சூடும் தங்குகின்றன. மழை மாதங்களில் காதுப் பூஞ்சை அதிகமாக வருவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். நனைந்த செய்தித்தாளைக் கசக்கி வைத்தது போல, கறுப்புப் புள்ளிகளோடு காதுக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கும். ஒரே இயர்படைத் தோழிகள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அரிப்போடு வந்த பெண்களையும் பார்த்திருக்கிறேன். அரிக்கிறதே என்று ஊக்கோ கொண்டை ஊசியோ பஞ்சுக் குச்சியோ போட்டுக் குடைவதுதான் அடுத்த தவறு. அதில் தோல் கீறிச் சீழ் பிடிக்கிறது. அரிப்புக்குக் காரணம் பூஞ்சையா, ரப்பருக்கு ஏற்படும் ஒவ்வாமையா, வெறும் வறட்சியா என்பதைக் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் மருத்துவர் உடனே சொல்லிவிடுவார். காரணம் தெரியும்வரை இயர்படை நிறுத்துங்கள். இந்த ஒரு விஷயத்தில் கடைக்காரர் சொன்னது சரி. காதுக்குழாய்த் தோலில் தொல்லை உள்ளவர்களுக்கு எலும்புக் கடத்தல் ஹெட்போன் உண்மையிலேயே நிம்மதி தரும்.

இனி இடது காது. நண்பரின் ஹெட்போன் பழுதாக இருக்கலாம். இடது பக்கம் கன்னத்தில் அழுத்தமாகவும் வலது பக்கம் தொளதொளவென்றும் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் சிறுவயதில் சீழ், காற்று வழியாக இடப்பக்கம் மந்தம், எலும்பு வழியாக இடப்பக்கம் அதிகம் என்ற மூன்றும் சேர்ந்து வரும்போது, என் துறையில் உள்ள எவருக்கும் ஒரே நினைவு வரும். இசைக்கவை என்ற இரு கிளை உலோகக் கருவியைத் தட்டி நெற்றி நடுவில் வைத்து, ஒலி எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்கும் பழைய சோதனை ஒன்று உண்டு. இரண்டு காதும் ஒன்றுபோல இருந்தால் நடுவில் கேட்கும். ஒரு பக்கம் செவிப்பறையிலோ சிறு எலும்புகளிலோ தடை இருந்தால், அந்தக் குறையுள்ள காதில்தான் உரக்கக் கேட்கும். முதன்முறை கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். உள்காது நன்றாக இருந்து வெளிவழி மட்டும் அடைபட்டால், வெளி இரைச்சலின் குறுக்கீடு குறைகிறது, எலும்பு வழி வந்த ஒலி வெளியே கசிவதும் குறைகிறது. அதனால் அந்தப் பக்கம் ஒலி ஓங்குகிறது. நண்பரின் ஹெட்போன் தெரியாமலே உங்களுக்கு இந்தச் சோதனையைச் செய்துவிட்டதோ என்பது என் சந்தேகம்.

கருவி எதுவும் இல்லாமல் இதை நீங்களே பார்க்கலாம். அமைதியான அறையில் உட்கார்ந்து, வாயை மூடி, தாழ்ந்த சுருதியில் ‘ம்ம்ம்’ என்று சீராக முனகுங்கள். ஒலி தலையின் நடுவில் கேட்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்று கவனியுங்கள். பிறகு வலது காதை விரலால் அடையுங்கள். சரியான காது என்றால் ஒலி உடனே வலப்பக்கம் தாவும். எதையும் அடைக்காமலே ‘ம்ம்ம்’ இடப்பக்கம் சாய்ந்தால், ஹெட்போன்மீது பழியில்லை. இதனால் நோய் உறுதியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். இடது காதில் குறும்பி கட்டியாக அடைத்திருந்தாலும் இப்படித்தான் கேட்கும், அதுவாக இருந்தால் பத்து நிமிட வேலை. செவிப்பறையில் பழைய ஓட்டை இருக்கலாம். அங்கவடி எலும்பு இறுகிப்போகும் நோயாகவும் இருக்கலாம்; இளவயதிலேயே தொடங்கக்கூடியது அது. இவற்றில் எது என்பதைக் காதைப் பார்த்தபின்தான் சொல்ல முடியும்.

அதுவரை சில கட்டுப்பாடுகள் அவசியம். காதில் எண்ணெய் விடாதீர்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் காதுக்கும் இரண்டு சொட்டு வெதுவெதுப்பாக விடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் நேராக நடுக்காதுக்குள் இறங்கும். தலைக்குக் குளிக்கும்போது பஞ்சில் வாஸ்லின் தடவி இடது காதின் வாசலில் வைத்துக்கொள்ளுங்கள், ஆழமாகத் திணிக்க வேண்டாம். அடைக்கும் வகை இயர்படை இடது காதில் வைக்கவே வேண்டாம். ஓட்டையுள்ள காதை மூடி ஈரத்தைத் தேக்கினால் ஆறிப்போன சீழ் திரும்ப வரும். துர்நாற்றத்தோடு சீழ் வந்தாலோ, தலை சுற்றினாலோ, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. எலும்பை அரிக்கும் காது நோயின் அடையாளங்கள் அவை. இதோடு தொடர்பில்லாவிட்டாலும் இதைப் படிக்கிற எல்லோருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நேற்றுவரை கேட்ட காது இன்று திடீரென்று கேட்கவில்லை என்றால், சளி பிடித்திருக்கும் என்று காத்திருக்காதீர்கள். சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டு வாரம் கழித்து வருபவர்களுக்குச் சொல்ல எங்களிடம் நல்ல செய்தி பெரும்பாலும் இருப்பதில்லை.

எலும்பு வழிக் கேட்டல் சந்தைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே மருத்துவத்தில் இருந்தது. ஓயாமல் சீழ் வடியும் காதில் சாதாரணக் காது கேட்கும் கருவியைப் பொருத்தினால் அது அடைத்துச் சீழை அதிகமாக்கும். அப்படிப்பட்டவர்களுக்காக 1977-இல் சுவீடனின் கோத்தென்பர்க் நகரில், காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் டைட்டானியம் திருகு பொருத்தி, அதில் அதிர்வுக் கருவியை மாட்டும் சிகிச்சையைத் தொடங்கினார்கள். ஆகவே உங்கள் இடது காதில் உண்மையிலேயே கடத்தல் குறைபாடு, அதாவது ஒலி உள்காதுக்குப் போகும் வழியில் தடை, இருந்தால், எலும்புக் கடத்தல் ஹெட்போனில் இயர்படைவிடத் தெளிவாகக் கேட்பது இயல்பே. ஆனால் அது சிகிச்சை ஆகிவிடாது. செவிப்பறை ஓட்டையை அறுவை சிகிச்சையால் மூட முடிகிறது. ஹெட்போன் நன்றாகக் கேட்கிறதே என்று அந்த வாய்ப்பை மறந்துவிடக் கூடாது. முதுமையாலோ இரைச்சலாலோ உள்காதே பழுதானவர்களுக்கு எலும்பு வழியாகவும் அதே அளவு குறைவாகத்தான் கேட்கும். வயதான பெற்றோருக்குக் காது கேட்கும் கருவிக்குப் பதிலாக இதை வாங்கித் தரலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம், முதலில் பரிசோதனை செய்யுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நிலைபெற்ற அறிவு. இன்னும் தீராத விவாதம் ஒன்று உண்டு. மயிர்ச் செல்கள் பிழைத்துக்கொண்டாலும், அவற்றிலிருந்து நரம்புக்குச் செல்லும் இணைப்புகள் உரத்த ஒலியால் நிரந்தரமாக அறுந்துபோகின்றன என்று 2009-இல் எலிகளில் காட்டினார்கள். சாதாரணக் கேட்டல் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தும் கூட்டத்தில் பேச்சு புரியாமல் திண்டாடும் மனிதர்களுக்கு இதுதான் காரணமா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. நான் எச்சரிக்கையின் பக்கம் நிற்கிறேன்; மறுநாள் காது சரியாகிவிட்டதே என்பதைச் சேதமில்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. புளூடூத் கதிர்வீச்சு பற்றி உங்கள் கேள்வியில் பாதி வரி இருக்கிறது. இந்தச் சிறு கருவிகள் அனுப்பும் ஆற்றல் சில மில்லிவாட்தான், காதோடு ஒட்டிப் பேசும் கைபேசி அனுப்புவதைவிட மிகக் குறைவு. அந்தப் பயத்தை ஒதுக்கிவிட்டு ஒலியளவைக் கவனியுங்கள்.

வாங்கப் போகும்போது ஏமாறாமல் இருக்க ஒரு வழி. திறந்த காது ஹெட்போன் என்ற பெயரில் இரண்டு வகை விற்கின்றன. ஒன்று உண்மையான எலும்புக் கடத்தல். மற்றொன்று காதுக்கு அருகில் தொங்கும் சிறு ஸ்பீக்கர், காற்று வழியாகவே ஒலிப்பது. இரண்டாவதும் தன்னளவில் நல்ல கருவிதான், இசைக்கு அது மேல் என்றுகூடச் சொல்வேன். ஆனால் மலிவானவற்றில் சில, ஸ்பீக்கரை வைத்துக்கொண்டே எலும்புக் கடத்தல் என்று அச்சிட்டு விற்கின்றன. போட்டுப் பாட்டை ஓடவிட்டு, காது ஓட்டையை விரலால் அடையுங்கள். பாட்டு உரத்து, தாழ்ந்த சுருதிகள் கனத்து எழுந்தால் அது எலும்புக் கடத்தல். பாட்டு மங்கினால் அது ஸ்பீக்கர். இந்தச் சோதனையைச் சரியான காதில், உங்களுக்கு வலது காதில், செய்யுங்கள்.

இசை கேட்பவர் என்றால் எலும்புக் கடத்தலில் ஏமாற்றம் உண்டு. தாழ்ந்த சுருதிக்குப் பெரிய அதிர்வு தேவை; கன்னத்தில் அவ்வளவு அதிர்வைத் தாங்க முடியாது. மிருதங்கத்தில் வலந்தலை தெளிவாக வரும், தொப்பி எனப்படும் இடப்பக்கத்தின் கனம் போய்விடும். தம்புராவின் ஆழமும் மெலிந்துவிடும். ஒரு பக்கம் கொடுத்த அதிர்வு மண்டையோடு முழுவதும் பரவி இரண்டு காக்ளியாக்களையும் எட்டுவதால் இட வல வேறுபாடும் மங்கலாகிறது. பேச்சுக்கு இதெல்லாம் ஒரு குறையே இல்லை. அழைப்பு, செய்தி, ஒலிப்புத்தகம் எல்லாம் நன்றாகக் கேட்கும். ஆனால் உரக்க வைத்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் மெல்லக் கேட்கும், அலுவலக ரகசியம் பேசுகிறவர் கவனிக்க வேண்டும். மின்கலம் பொதுவாக எட்டு மணி நேரத்தை ஒட்டி நிற்கும். நீச்சலுக்கு வாங்குகிறவர்கள், பாடல்களை உள்ளேயே சேமிக்கும் வகையைத்தான் பார்க்க வேண்டும், ஏனெனில் புளூடூத் அலை தண்ணீருக்குள் கடக்காது. இரு சக்கர வண்டிக்கு இரண்டுமே வேண்டாம். பிடரியைச் சுற்றும் பட்டை ஹெல்மெட்டோடு முட்டும் என்பது சிறிய காரணம். காது திறந்திருந்தாலும் கவனம் அழைப்பில் இருக்கும் என்பது பெரிய காரணம்.

உங்களுக்கு என் பரிந்துரை இதுதான். இப்போது எதையும் வாங்காதீர்கள். பரிசோதனைக்குப் பின் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால், உங்கள் அரிப்பையும் இடது காதையும் அதிகம் பேசும் வேலையையும் வைத்துப் பார்க்கையில், எலும்புக் கடத்தலையே சொல்வேன். அலுவலகத்துக்கும் ஏரிக்கரை நடைக்கும் அது பொருந்தும். சைக்கிள் மணியும் பின்னால் வரும் வண்டியும் காதில் விழும். மெட்ரோவில் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். ரயிலில் கேட்டே ஆகவேண்டும் என்றால், இரைச்சல் நீக்கும் வசதியுள்ள, காது முழுவதையும் வெளியிலிருந்து மூடும் பெரிய ஹெட்போனை மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்கலாம். அது குழாய்க்குள் நுழைவதில்லை. இடது காது சரியாகவே இருக்கிறது, அரிப்பு வெறும் ஒவ்வாமை என்று தெரிந்தால் என் விடை மாறும். ரயிலில் பொருத்தமான முனையோடு இயர்பட், மற்ற நேரத்தில் உங்கள் விருப்பம் என்பேன்.

பரிசோதனைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. அல்சூரிலிருந்து சிவாஜி நகர் பௌரிங் அரசு மருத்துவமனை பக்கம்தான். தனியார் காது மூக்கு தொண்டை மருத்துவர் என்றாலும் சரி. முதலில் மருத்துவர் காதைப் பார்த்துக் குறும்பி இருந்தால் எடுக்கட்டும். அதன்பின் கேட்டல் பரிசோதனை எடுக்கும்போது, காற்று வழி, எலும்பு வழி இரண்டையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அவசரத்தில் சில இடங்களில் காற்று வழியோடு நிறுத்திவிடுகிறார்கள். பரிசோதனைத் தாளில் இந்த இரண்டுக்கும் வரையும் கோடுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிதான் உங்களுக்கு விடை. நண்பரின் ஹெட்போனைத் திருப்பிக் கொடுக்கும் முன், இன்னொரு முறை போட்டு, இரண்டு பக்கமும் கன்னத்தில் ஒரே அழுத்தத்தில் படும்படி கையால் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் அதிகமாகக் கேட்கிறது என்று பாருங்கள். ‘ம்ம்ம்’ சோதனையின் முடிவோடு சேர்த்து அதையும் ஒரு தாளில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். நேரமிருந்தால் பரிசோதனை முடிவை இங்கே எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.